முதல் வாரம் எத்தனை கேசட் போகும்?



2007 செப்டம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவில் கான்யே வெஸ்ட், ஃபிஃப்டி சென்ட் என்று இரண்டு ராப் பாடகர்கள் ஒரே நாளில் ஆளுக்கொரு ஆல்பம் வெளியிட்டார்கள். முதல் வாரத்தில் யாருடையது அதிகம் விற்கும் என்று அங்கே பெரிய பந்தயமே நடந்தது. தோற்றால் இனித் தனி ஆல்பமே போடமாட்டேன் என்று ஃபிஃப்டி சென்ட் சவால் விட்டார். அமெரிக்காவில் கான்யேவுக்கு முதல் வாரம் சுமார் 9,57,000, ஃபிஃப்டி சென்ட்டுக்குச் சுமார் 6,91,000. தோற்றவர் அதற்கப்புறமும் ஆல்பம் போட்டுக்கொண்டுதான் இருந்தார். சவால் விடுகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதானுங்க.

அந்தக் கணிப்பை அங்கே பத்திரிகைக்காரர்கள் செய்தார்கள். தப்பினால் மறுநாள் வேறொன்று எழுதிவிட்டுப் போகலாம். பள்ளிபாளையத்தில் கேசட் கடை வைத்திருந்த என்னைப் போன்றவர்களும் தொண்ணூறுகளில் இதே கணக்கைத்தான் போட்டோம், கைக்காசைக் கட்டி. இளையராஜா படம் ஒன்று, ரஹ்மான் படம் ஒன்று, இரண்டும் அடுத்தடுத்து வருகிறது என்றால் எதில் எத்தனை எடுப்பது? குறைத்து எடுத்தால் வந்த ஆள் பாலம் தாண்டி ஈரோட்டுக்குப் போய் வாங்கிக்கொள்வான். கூட்டி எடுத்தால் சரக்கு அலமாரியில் தூங்கும். விற்காத கேசட்டைத் திருப்பி எடுக்க எந்த மொத்த வியாபாரிக்கும் மனசு வராது. கேட்டால், “நீங்க கேட்டீங்க, நாங்க கொடுத்தோம்” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஊரைத் தெரியாத நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிபாளையம் காவிரியின் கிழக்குக் கரை, ஈரோடு மேற்குக் கரை, நடுவில் பாலம். 1997 ஜனவரி 1ஆம் தேதி நாமக்கல் தனி மாவட்டம் ஆகும்வரை நாங்கள் சேலம் மாவட்டத்துக்காரர்கள். சினிமா வியாபாரத்திலும் ஈரோடு ‘கோயம்புத்தூர் ஏரியா’, நாங்கள் ‘சேலம் ஏரியா’. படப்பெட்டி அப்படிப் பிரிந்துதான் வரும். கேசட்டுக்கு அந்த எல்லைக்கோடு கிடையாது. ஈரோட்டு மொத்தக் கடையிலிருந்து பத்துப் பத்தாகக் கட்டி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவோம்.

முதல் வாரத்துக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்பீர்கள். அசல் கேசட் ஓடுவதே அந்த ஒரு வாரம்தான். அப்புறம் ரெக்கார்டிங் சென்டர்கள் வேலையை ஆரம்பித்துவிடும். பையன் ஒரு வெற்று கேசட்டையும் ஒரு தாளில் பதினெட்டுப் பாட்டின் பட்டியலையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். சாயங்காலம் பாட்டு நிரம்பியிருக்கும். அதற்குப் பின்னாலேயே அட்டை மங்கலாக அச்சடித்த டூப்ளிகேட் பாதி விலையில் வந்து இறங்கும். முப்பது ரூபாய்ச் சுமாருக்கு அசலை வாங்க ஆள் இருப்பது புதுசு புதுசாக இருக்கும்வரைதான்.

சரி, கணக்கு எப்படிப் போடுவது? அதே இசையமைப்பாளரின் போன படம் முதல் வாரம் எவ்வளவு போனது என்பதுதான் அடிப்படை. கதாநாயகன் ரஜினி, கமல் என்றால் அதன்மேல் கொஞ்சம் ஏற்றுவோம். அப்புறம் காலண்டரைப் பார்ப்போம். இங்கே எல்லாம் விசைத்தறி, வாரக்கூலி. புதன்கிழமை வந்த கேசட்டைப் புதன்கிழமை எடுத்துப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், வைத்துவிட்டுப் போவார்கள். கூலி கைக்கு வந்த சனிக்கிழமை ராத்திரிதான் கல்லாவில் சத்தம் கேட்கும். தீபாவளிப் படம் என்றால் இன்னொன்றும் சேரும்: தறிக்காரர்களுக்கு போனஸ் பேச்சு முடிந்ததா இல்லையா? அது இழுத்துக்கொண்டே போனால் எவ்வளவு பெரிய நடிகர் படமாக இருந்தாலும் ஆர்டரில் பாதியைக் குறைத்துவிட வேண்டியதுதான்.

மொத்தக் கடைக்காரர் வைக்கும் பொறியும் ஒன்று உண்டு. “ரஜினி படம் அஞ்சு கட்டு வேணும்னா இந்தப் புதுமுகம் படம் ரெண்டு கட்டு எடுத்துக்குங்க” என்பார். கம்பெனிக்காரர்களே சில சமயம் அந்த வேலையைச் செய்து அனுப்புவார்கள்: ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம். யாரும் கேட்காத பி பக்கம் ஏ பக்கத்தின் முதுகில் ஏறிக்கொண்டு ஊரெல்லாம் போகும். அந்தப் படத்தின் பாட்டு எத்தனை விற்றது என்று யார் கணக்குச் சொல்ல முடியும்?

இவ்வளவும் எல்லாக் கடைக்காரருக்கும் தெரிந்ததுதான். நான் பேச ஆசைப்படுவது வேறொன்று. பாட்டை யார் போட்டார், யார் பாடினார் என்பதைவிட, அது எதிலிருந்து கேட்கப்போகிறது என்று தெரிந்தால் முதல் வாரக் கணக்கு பாதி முடிந்த மாதிரி.

என் கடைக்கு முதலில் வருகிறவர் யார் தெரியுமா? ரசிகர் மன்றத்துப் பையன் இல்லைங்க. ரேடியோ செட்டுக்காரர். கல்யாணம், காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, மாரியம்மன் நோன்பி என்று எங்கே விசேஷம் நடந்தாலும் வேப்பமரத்தில் குழாய் கட்டி விடியக்காலம் பாட்டுப் போடுகிறவர். பக்கத்து ஊர் செட்டுக்காரரிடம் புதுப்பாட்டு இருந்து, இவரிடம் இல்லையென்றால் அடுத்த நோன்பிக்கு இவரைக் கூப்பிடமாட்டார்கள். அதனால் விலையே கேட்கமாட்டார். ஒன்றுக்கு இரண்டாக வாங்குவார். இரண்டு நாள் விடாமல் ஓடினால் ஒன்றின் நாடா டேப்புக்குள் சிக்கிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். வாங்கும் முன்னால் என் கடை டேப்பில் போட்டுக் கேட்பார். அவர் கேட்கிற விதம் இருக்கிறதே, பாட்டின் அழகையெல்லாம் கேட்கமாட்டார். காதைக் கொஞ்சம் சாய்த்து, “குழாயில எடுக்குமுங்களா?” என்பார்.

அந்தக் கேள்விக்குள் ஒரு பௌதிகப் பாடமே இருக்கிறது நேயர்களே. கூம்புக் குழாய் மனிதக் குரலையும் நாதஸ்வரத்தையும் அடுத்த ஊர்வரை கொண்டுபோகும். ஆனால் அடிநாதம் அதில் வராது. பேஸ் கிட்டார், அடியில் உருளும் டிரம்ஸ் எல்லாம் குழாயின் தொண்டையிலேயே நின்றுவிடும். இளையராஜாவின் கிராமத்துப் பாட்டு குழாயில் முழுசாக வரும். ‘கரகாட்டக்காரன்’ 1989இல் வந்த படம். அப்புறம் எத்தனையோ வருஷம் எங்கள் பக்கத்து நோன்பிகளில் அதன் பாட்டு இல்லாமல் பொழுது விடிந்ததில்லை. தேவா பாட்டும் அப்படித்தான், வார்த்தை வார்த்தையாகக் காதில் விழும். ரஹ்மானின் ஆரம்பகாலப் பாட்டுகளில் உயிர் பாதி அடிநாதத்தில் இருந்தது. அதைக் குழாயில் போட்டால் எலும்பு மட்டும் கேட்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம், வீட்டில் இரண்டு பெரிய பெட்டி ஸ்பீக்கர் வைத்திருந்த ஈரோட்டுக் கல்லூரிப் பையன்களுக்கு அதே பாட்டு நெஞ்சில் இடித்தது. ஒரே பாட்டு, ஒரே காவிரி, இரண்டு கரை, இரண்டு விற்பனை.

இதைச் சோதித்துப் பார்த்த மாதிரி ஒரு தீபாவளி வந்தது. 1993. ரஹ்மானுக்கு அந்த ஒரு தீபாவளிக்கே ‘திருடா திருடா’, ‘கிழக்குச் சீமையிலே’, ‘உழவன்’ என்று மூன்று படம். முதலாவது மணிரத்னம், இரண்டாவது பாரதிராஜா. பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டிருந்தால் மூன்றும் ஒரே அளவு எடுத்திருக்க வேண்டும். கேட்டுப் பார்த்த செட்டுக்காரர்களோ மூச்சு விடாமல் ‘கிழக்குச் சீமையிலே’வைத் தூக்கினார்கள். தாய்மாமன் சீர் சுமந்து வருகிற பாட்டு அதில் இருந்தது பாருங்கள். காதுகுத்து, பூப்புச்சடங்கு எதுவானாலும் தட்டு வரிசை தெருமுனை திரும்பும்போது அந்தப் பாட்டு ஒலித்தாக வேண்டும். இன்றைக்கும் ஒலிக்கிறது. ‘திருடா திருடா’ ஈரோட்டுப் பையன்களின் கேசட் ஆனது. அதிலும் ஒரே ஒரு பாட்டை மட்டும் செட்டுக்காரர்கள் விடவில்லை. வாத்தியமே இல்லாமல் வெறும் குரல்களை வைத்தே செய்தது, சாகுல் ஹமீது பாடியது. குரல்தானே! குழாய்க்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஸ்டுடியோவில் அதைப் பதிவு செய்தவர்களுக்கு எங்கள் வேப்பமரம் தெரிந்திருக்க நியாயமில்லை.

செட்டுக்காரருக்கு அடுத்தபடி லாரிக்காரர். திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் என்று சுற்றிலும் லாரியும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் நிறைந்த சீமை இது. வடக்கே கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்காகும். அவர் கேள்வி வேறு: “ஏனுங்க, ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராம இருக்கோணும், எது கொடுப்பீங்க?” மெலடி நிறைந்த படம் என்றால் லாரிக் கணக்கை அப்படியே அடித்துவிடலாம். கேபினில் நல்ல ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்த பிறகுதான் எங்கள் கரையில் ரஹ்மான் விற்பனை ஏறியது. 1994இல் ‘காதலன்’ வந்தபோது, தாம்பரம் தாண்டாத டிரைவர்கூட அதைக் கேட்டு வாங்கினார்.

ரசிகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கோபித்துக்கொள்வார்கள். 1991 தீபாவளிக்கு ரஜினிக்குத் ‘தளபதி’, கமலுக்குக் ‘குணா’. இரண்டுக்கும் இசை இளையராஜா. மன்றத்துப் பையன்கள் கடை வாசலில் நின்று எதில் எத்தனை போனது என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். எது ஜெயித்தாலும் ராஜாதானே ஜெயிக்கிறார் என்று நான் சொல்வேன், யார் காதிலும் ஏறாது. ‘தளபதி’யின் ஆடியோ உரிமையை லஹரி நிறுவனம் 72 லட்சம் ரூபாய்க்கு வாங்கியதாக அப்போது பேச்சு. முதல் வாரத்தைப் பொறுத்தவரை என் கடையில் போட்டியே இல்லை, ‘தளபதி’தான். ஆனால் 2024இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வந்து, ‘குணா’வின் காதல் கடிதப் பாட்டை அப்போது பிறந்தே இராத பிள்ளைகளுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து வரும் கிராக்கிக்கு எந்தக் கடைக்காரன் ஆர்டர் போட முடியும்?

1995 தீபாவளி இன்னும் வேடிக்கை. ரஜினிக்கு ‘முத்து’, ரஹ்மானோடு முதல் படம். கமலுக்குக் ‘குருதிப்புனல்’. அதில் பாட்டே கிடையாது! ஒரு மன்றத்து அண்ணன் வந்து கேட்டார். இல்லைங்க என்றேன். “ஒண்ணு கூடவா இல்லை?” “ஒண்ணு கூட இல்லைங்க.” கொஞ்சநேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘முத்து’ கட்டுக் கட்டாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ‘தேவர் மகன்’ இரண்டு, ‘நாயகன்’ இரண்டு வாங்கினார். “கணக்குல சேர்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தக் கணக்கில் என்று நானும் கேட்கவில்லை.

கணிக்கவே முடியாத ஆள் புதியவர்தான். 1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ படம் வந்தது. அட்டையில் ஏ.ஆர்.ரஹ்மான் என்று ஒரு பெயர். போன படம் என்ற ஒன்று இருந்தால்தானே அடிப்படைக் கணக்கு வரும்? மணிரத்னம் பெயரையும் பாலசந்தரின் கவிதாலயா பெயரையும் பிடித்துக்கொண்டுதான் ஆர்டர் போட வேண்டியிருந்தது. அந்தக் கேசட்டை முதல் வாரக் கணக்கால் அளந்தவர் எவரும் அதன் உயரத்தைப் பார்த்திருக்க முடியாது.

அமெரிக்காக்காரர்களும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். 1991வரை கடைகளுக்குப் போன் போட்டு ‘எது நல்லா ஓடுது’ என்று கேட்டுத்தான் பில்போர்டு பத்திரிகை பட்டியல் போட்டது. கடைக்காரர் தனக்குப் பிடித்ததைச் சொல்வார், தேங்கிக் கிடப்பதையும் சேர்த்துச் சொல்வார். அந்த வருஷம் சவுண்ட்ஸ்கேன் வந்து, கல்லாவில் பார்கோடு பட்டதை அப்படியே எண்ண ஆரம்பித்தது. உடனே கிராமத்துப் பாட்டுக்காரர் கார்த் புரூக்ஸின் ஆல்பம் வந்த வாரமே முதலிடத்தில் உட்கார்ந்தது. நாட்டுப்புற வகை ஆல்பத்துக்கு அதுவே முதல் தடவை. நகரத்துக் கடைகளின் வாயிலிருந்து வந்த பட்டியலில் அவ்வளவு நாளாக எவ்வளவு விட்டுப்போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது வாரம் போய் இருபத்துநாலு மணி நேரம் என்றாகிவிட்டது. 2023 பொங்கலுக்கு விஜய்யின் ‘வாரிசு’, அஜித்தின் ‘துணிவு’ இரண்டும் ஜனவரி 11ஆம் தேதி வந்தன. பாட்டுகள் அதற்கு முன்பே ஒவ்வொன்றாக யூடியூபில் இறங்கி, ரசிகர்கள் ராத்திரி முழுக்க எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்பக் கேட்டாலும் எண் ஏறுகிறது. நமக்கு ‘கணக்குல சேர்த்துக்குங்க’ என்ற அண்ணன் ஒருவர்தான். இப்போது லட்சம் பேர்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறதாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். மொத்தக் கடை, போனஸ், பி பக்கம் என்று ஏதேதோ சொல்லிவிட்டேன். குழாயில் எடுக்குமா என்பதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். ஒரு ஆசை உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் இருந்தால், பூஞ்சை பிடிக்கும் முன்னால் எடுத்து ஒரு தடவை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு வையுங்கள். அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பி பக்கத்தில் எந்தப் படம் ஒட்டிக்கொண்டு வந்தது என்பது பல சமயம் அதில் மட்டும்தான் இருக்கும்.