குறி தவறிய குண்டு எங்கே போகும்?



போலீசார் துப்பாக்கி சுட்டுப் பழகும் திடலுக்கு எத்தகைய இடம் ஏற்றது? நம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டோம். "ஆளில்லாத வெட்டவெளி" என்றனர். நாமும் அப்படித்தான் எண்ணுவோம். ஆனால் குறி தவறிய குண்டு எங்கே போகும்? கைத்துப்பாக்கிக் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேலும், ரைபிள் குண்டு ஏறக்குறைய 3 கிலோமீட்டரும் பறக்க வல்லவை. ரைபிள் குண்டு ஒலியை முந்திச் செல்வதால், பால்மரக் காட்டில் நிற்பவர் வெடியோசை கேட்டு விலக நேரமிராது.

ஆகவே இலக்கின் பின்னே உயரமான மண்மேடு வேண்டும். அதில் கல் இருக்கலாகாது. கல்லிலும் நீரிலும் பட்ட குண்டு தெறித்துத் திசை மாறும். மேட்டையும் தாண்டும் குண்டை எண்ணி, அப்பால் நெடுந்தூரத்துக்கு வீடும் பள்ளியும் சாலையும் இல்லாதிருக்க வேண்டும். குண்டின் ஈயம் மண்ணில் தங்கி மழைநீரில் சிறிது சிறிதாகக் கரையும். எனவே கிணற்றோரமும் ஆற்றோரமும் ஆகா.

இடம் நன்றாக அமைந்தாலும் நம் கடமை ஒன்றுண்டு. சிவப்புக் கொடி பறந்தால் சுடுகிறார்கள் என்று பொருள். கொடி இறங்கிய பின்னும், பித்தளைத் தோட்டாக்கூடு பொறுக்கப் பிள்ளைகள் அங்குச் செல்லலாகாது. இன்றே அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.