ராஜினாமா கடிதமும் இழைப்புளியும்

லப்பைக்குடிக்காடு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரில் வர முடியாத சொந்தங்களுக்காக இங்கே தருகிறோம்.

 

வெள்ளாத்துக்கு இந்தக் கரையில நாம, அந்தக் கரையில திட்டக்குடி. ரெண்டு கரையிலயும் ஒரே பேச்சுதான். "பையனுக்கு வேலை போயிடுச்சாம்." வளைகுடாவுக்குப் போய் உழைச்ச வாப்பாக்கள், தன் மகன் ஏ.சி. ரூம்ல உட்காரட்டும்னு படிக்க வெச்சாங்க. 2025 ஜூலையில டி.சி.எஸ். மட்டும் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போறதா அறிவிச்சது. ஏ.சி. ரூமும் நிரந்தரம் இல்லை.

இதுல முதல் விஷயம் மரம் இல்லை, பேனா. "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, ரெக்கார்டு நல்லா இருக்கும்"னு எச்.ஆர். சொன்னா உடனே கையெழுத்துப் போடாதீங்க. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செஞ்சா, ஒரு மாத நோட்டீஸ், முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். இது சட்டம். நிர்வாகப் பொறுப்புல இருக்கிறவங்களுக்கு இது பொருந்தாது. நீங்களா எழுதிக் கொடுத்துட்டா அது ஆட்குறைப்பே இல்லைன்னு ஆகிடும். கடை போடுற முதலே அங்கே போயிடும்.

சரி, மரத்துக்கு வருவோம். "பர்னிச்சர் கடை போடலாம்னு இருக்கேன்"னு தம்பிகள் சிலர் கேக்குறாங்க. நல்ல தொழில்தான். ஆனா பணம் வந்த வாரமே மெஷின் வாங்காதீங்க. ஒரு ஆசாரிகிட்ட ஆறு மாசம் போய் நில்லுங்க. அவர் "தள்ளுப்பா"ம்பார், தள்ளி நில்லுங்க. பச்சை மரத்துல கட்டில் செஞ்சா, காயக் காய மரம் சுருங்கும், மூட்டு விட்டுக்கும், வாங்கினவர் வீட்டு வாசல்ல வந்து நிப்பார். எந்த மரம் காஞ்சிருக்குன்னு தட்டிப் பார்த்துச் சொல்ற கை அவருக்குத்தான் இருக்கு.

கணக்கு மட்டும் உங்க கைக்கு ஏற்கெனவே வரும். 7 அடி உயரம், 3 அடி அகலம், நாலு பக்கமும் 4 இன்ச்சுக்கு 3 இன்ச் கட்டை. ஒரு நிலைக்கு 20 அடி நீளம், அதாவது சுமார் 1.7 கன அடி. அறுப்புலயும் இழைப்புலயும் போற சேதாரம் இதுல சேரலை. அதை விலையில சேர்க்க மறந்துதான் பல பேர் முதல் வருஷமே கைநஷ்டப்படுறாங்க. மரத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மரச்சிலை மாதிரி கைவினைப் பொருளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்னு குறைச்சாங்க. ஏழை வீட்டுக் கட்டிலுக்கு மட்டும் மனசு வரலை!

நம்ம மாவட்டத்துலயே பச்சைமலை அடிவாரத்துல அரும்பாவூர் இருக்கு. வாகை, மா, வேம்புன்னு ஒரே கட்டையில சாமி சிலை செதுக்குற ஊர். 2020-ல அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. போய்ப் பாருங்க. ஆனா கம்ப்யூட்டர் மெஷின்ல செதுக்கிட்டு "அரும்பாவூர்"னு போர்டு வைக்காதீங்க. அந்தப் பேர் அந்தக் கைகளோட சொத்து. கோபமா சொல்றேன்னு நினைக்காதீங்க. காசு இருக்கிறவன் முதலாளி, வேலை தெரிஞ்ச ஆசாரி அவன்கிட்ட தினக்கூலின்னு ஆயிடக் கூடாது. அவரைப் பங்காளியாச் சேருங்க, லாபத்துல பங்கு எழுதிக் கொடுங்க.

கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்க. வேலையில்லா இளைஞர்களுக்கான திட்டத்துல உற்பத்தித் தொழிலுக்கு 15 லட்சம் வரை, அதுல 25 சதவீதம் மானியம். ஆசாரிக்கு 35 வயசு ஆகியிருந்தா கலைஞர் கைவினைத் திட்டத்துல 3 லட்சம் வரை கடன், மானியம் அதிகபட்சம் 50,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு ஒரு வருஷப் பணத்தைத் தனியா எடுத்து வெச்சுட்டு, மிச்சத்துல இறங்குங்க.

பேசினது போதும். நோட்டீஸ் கையில இருக்கிற தம்பிகள், தங்கைகள் கலைஞ்சு போயிடாதீங்க. மேடைக்குப் பக்கத்துல வக்கீல் தோழர் உட்கார்ந்திருக்கார். பேப்பரோட வாங்க, ஒவ்வொருத்தரா பார்ப்போம்.