திரைப்படத்தின் ஆக்கியோன் யார்?



நூலொன்றின் சிறப்புப் பாயிரம் கூற வேண்டிய செய்திகளுள் முதலாவது, அதனை ஆக்கியோன் பெயர் என்பது நன்னூலார் வகுத்த முறை. நூலுக்கு எளிதிற் பொருந்தும் இவ்விதி திரைப்படத்திற்கும் பொருந்துமா?

இத்தீவுகளைக் களமாகக் கொண்ட படமொன்றையே எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் ‘காலாபானி’ என்றும் தமிழில் ‘சிறைச்சாலை’ என்றும் 1996-இல் வெளிவந்த அப்படம், செல்லுலார் சிறையில் அடைபட்டோரின் துயரைக் கூறுவது. கதை தாமோதரனும் பிரியதர்சனும் எழுதியது, இயக்கம் பிரியதர்சன். சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவும் சாபு சிரிலின் கலையமைப்பும் தேசிய விருது பெற்றன. இசை இளையராஜாவுடையது. கதாநாயகராக நடித்த மோகன்லாலே தயாரிப்பிலும் பங்கு கொண்டார். இவர்களுள் ஆக்கியோன் எவர்?

சட்டத்தின் விடை ஒன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளரே. முதன்மை இயக்குநரையும் உடன் ஆசிரியராக ஏற்கும் யோசனை 2010-இல் கொணர்ந்த மசோதாவில் இருந்தது. 2012-இல் நிறைவேறிய திருத்தத்தில் அஃது இடம்பெறவில்லை. திறனாய்வாளரின் விடை வேறு. பிரான்சு நாட்டுத் துருஃபோ 1954-இல் எழுதிய கட்டுரையின் பின், இயக்குநரே படைப்பாளி என்னும் கொள்கை உலகெங்கும் பரவிற்று. சட்டம் நோக்குவது உடைமையை. திறனாய்வு நோக்குவது கருத்தை.

நம் வண்டூர்க் கடலில், 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில், பவளப்பாறைகளைக் காண்கிறோம். எண்ணிறந்த சிற்றுயிர்கள் கட்டியவை அவை. எனினும், முழு வடிவையும் எண்ணிக் கட்டிய உயிர் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. திரைப்படமும் பலர் கைவண்ணமே. ஆயினும் அது பவளப்பாறையன்று. சிறையறையின் இருள் எத்துணை நேரம் திரையில் நிற்க வேண்டும், இசை எவ்விடத்தில் அடங்க வேண்டும், சாட்டையடியை முழுதும் காட்டுவதா, முகத்தை மட்டும் காட்டுவதா? இவற்றை எவரோ ஒருவர் முழுமையை மனத்திற்கொண்டு தேர்ந்தாக வேண்டும். ‘இதனைக் கொண்டது ஏன், அதனைத் தள்ளியது ஏன்?’ என்னும் வினாவிற்கு விடையளிக்கக் கடமைப்பட்டவரே ஆக்கியோன். பெரும்பாலும் அவர் இயக்குநர். சிலபோது கதாசிரியராகவோ தயாரிப்பாளராகவோ இருத்தலும் கூடும்.

இது வெறும் பெயர் வழக்கன்று. செல்லுலார் சிறையில் மெய்யாகவே துன்புற்றோர், தம் வாழ்வு திரையில் திரிந்தால் மறுத்துரைக்க இன்று இல்லை. அவர்கள் பொருட்டு விடை கூற ஒருவர் வேண்டும். ‘பலர் கூடிச் செய்தோம்’ என்பது புகழைப் பகிர்வதற்கு நன்று. பொறுப்பினின்று நழுவுதற்கு ஆகாது. புகழில் அனைவர்க்கும் பங்கு உண்டு. பிழைக்கு முன்வந்து நிற்பவர் எவரோ, அவரையே ஆக்கியோன் என்போம்.