முகம் ஒரு பக்கம், உடல் மறுபக்கம்

பக்கவாதம் என்றதும் ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துபோவதுதான் நம் நினைவுக்கு வரும். பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் கைகால் பலம் கொஞ்சமும் குறையாமல், தலைசுற்றலும் வாந்தியும் விக்கலுமாக வருகிற பக்கவாதமும் உண்டு. பித்தம், வாயு என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்து வீட்டிலேயே படுக்கவைத்துவிடுகிறோமே, அதில் சில நேரம் ஒளிந்திருப்பது இதுதான். இது வருகிற இடம் மூளைத்தண்டு.

பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கிற பகுதி மூளைத்தண்டு. நீளம் ஏறக்குறைய ஒரு விரல் அளவுதான். மேலே நடுமூளை, இடையில் பான்ஸ், கீழே முகுளம் என்று மூன்று அடுக்கு. உடலுக்கும் மூளைக்கும் இடையே போய்வரும் செய்திகள் எல்லாம் இந்தக் குறுகிய வழியாகத்தான் போகவேண்டும். போதாததற்கு, கண்ணை அசைக்கிற, முகத்தை இயக்குகிற, விழுங்கவைக்கிற, நாக்கைத் திருப்புகிற நரம்புகளும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

இங்கே அடைப்பு ஏற்பட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். முகத்தில் கோளாறு இடப்பக்கம் இருந்தால், கைகாலில் கோளாறு வலப்பக்கம் இருக்கும். காரணம் எளிது. கைகாலை அசைக்கும் நரம்பிழைகள் முகுளத்தின் அடிப்பகுதியில்தான் பக்கம் மாறுகின்றன. அதற்கு மேலே இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் வலக்கை விழும். முகத்துக்கும் கண்ணுக்கும் போகும் நரம்புகளோ பெரும்பாலும் அதே பக்கத்துக்கே போகின்றன. ஆக, முகம் ஒரு பக்கமும் உடல் மறுபக்கமுமாகப் பாதிக்கப்பட்டால் மருத்துவரின் கவனம் முதலில் மூளைத்தண்டுக்குத்தான் போகும்.

அடுத்த கேள்வி, எந்த அடுக்கு? உடலில் தெரியும் குறி தெருவைச் சொல்லும் என்றால், முகத்து நரம்பு கதவு எண்ணைச் சொல்லும். ஒரு கண்ணின் இமை தொங்கி, விழி வெளிப்புறமாக ஒதுங்கி, எதிர்ப்பக்கக் கைகால் விழுந்திருந்தால் இடம் நடுமூளை. கண் வெளிப்பக்கம் திரும்ப மறுத்து, அதே பக்க முகம் தளர்ந்து, எதிர்ப்பக்கக் கைகால் விழுந்தால் பான்ஸ். நாக்கை நீட்டச் சொன்னால் ஒரு பக்கமாகச் சாய்கிறது, எதிர்ப்பக்கக் கைகாலில் பலமில்லை என்றால் முகுளத்தின் நடுப்பகுதி. ஒரு டார்ச் விளக்கும் ஒரு குண்டூசியும் இருந்தால் இவ்வளவையும் படுக்கை அருகிலேயே கண்டுகொள்ளலாம்.

இந்தக் கலையின் உச்சம் ஒன்றைச் சொல்லவேண்டும். அன்று ஜெர்மனியில் இருந்து, இன்று போலந்தில் இருக்கிற டான்சிக் நகரத்து மருத்துவர் அடால்ஃப் வாலன்பெர்க். 1895இல் 38 வயது நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே கதிரே அந்த ஆண்டுக் கடைசியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்கேன் வர இன்னும் முக்கால் நூற்றாண்டு இருந்தது. தலைசுற்றல், விழுங்கமுடியாமை, ஒரு பக்க முகத்திலும் எதிர்ப்பக்க உடலிலும் உணர்ச்சிக் குறைவு: இவற்றை மட்டும் வைத்து, முகுளத்தின் ஓரப்பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது, அடைபட்டது இன்ன ரத்தக்குழாய் என்று கணித்தார். நோயாளி இறந்தபின் செய்த பிரேதப் பரிசோதனை அவர் சொன்னதை உறுதிப்படுத்தியது. அதை 1901இல் வெளியிட்டார்.

அவர் பெயர் தாங்கிய இந்த நோய்தான் நான் முதலில் சொன்ன ஏமாற்றுக்காரப் பக்கவாதம். கைகாலை அசைக்கும் இழைகள் முகுளத்தின் நடுப்பகுதியில் ஓடுவதால் தப்பிவிடுகின்றன. ஓரத்தில் இருப்பவை அடிபடுகின்றன. குரல் கரகரக்கும். தண்ணீர் குடித்தாலே புரையேறும். ஒரு கண்ணின் இமை லேசாக இறங்கி, அந்தக் கண்ணின் பாவை சுருங்கியிருக்கும். நடக்கும்போது ஒரு பக்கமாகவே தள்ளும். குளிக்கும்போது வெந்நீர் ஒரு கையில் சுடும், மறு கையில் சுடாது. இளவயதினருக்கும் இது வரலாம். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது அதற்கு ஒரு காரணம். முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதை விட்டுவிடுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். மூளைத்தண்டைச் சுற்றித் தடித்த எலும்பு இருப்பதால் சி.டி. ஸ்கேனில் இந்தப் பகுதி தெளிவாகத் தெரிவதில்லை. எம்.ஆர்.ஐ. கூட முதல் ஓரிரு நாளில் சில சமயம் சரியாக இருப்பதாகவே காட்டும். அப்போது கண்ணசைவையும் நடையையும் நிதானமாகப் பார்க்கிற மருத்துவரின் பரிசோதனைதான் உயிரைக் காக்கும்.

எல்லாத் தலைசுற்றலும் பக்கவாதம் அல்ல. காதுக் கோளாறால் வருவதே அதிகம். ஆனால் திடீரென்று வந்த தலைசுற்றலோடு பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கமுடியாமல் போனாலோ, முகமோ கைகாலோ மரத்தாலோ, பிடிமானமின்றி நிற்கவே முடியாமல் போனாலோ தாமதிக்காதீர்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காமல், 108ஐ அழைத்து, ஸ்கேன் வசதியும் பக்கவாத சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பித்தமா இல்லையா என்பதை அங்கே முடிவு செய்யட்டும்.