படப்பலகையோடு நின்றுவிட வேண்டாம்

(திருப்போரூர் வட்டார ஆசிரியர் பயிற்சியில் ஒரு சிறப்பாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோவளம், நெம்மேலி, கேளம்பாக்கம், தையூர், மானாமதி என்று பல ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். வாயால் பேச இயலாத, படப்பலகை மூலமோ கைக்கணினி மூலமோ தம் கருத்தைச் சொல்லும் மாணவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் சிலர், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் இதில் அடங்குவர். உங்கள் வகுப்பில் இப்படி ஒருவர் இன்று இல்லாவிட்டாலும் நாளை வரக்கூடும்.

இவர்களுக்கான கருவி எங்கோ வெளிநாட்டில் மட்டும் இருப்பதல்ல. சென்னையில் 1985இல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் நிறுவனத்தின் குழந்தைகளோடு பழகி, அஜித் நாராயணன் என்ற பொறியாளர் உருவாக்கியதுதான் ஆவாஸ். இந்தியில் அந்தச் சொல்லுக்குக் குரல் என்று பொருள். படத்தைத் தொட்டால் அது சொல்லாக ஒலிக்கும். தனிக் கருவியாக வந்தது பிறகு செயலியாகி, இப்போது தமிழிலும் பேசுகிறது. நமக்கு அருகிலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. கருவி வாங்க வழியில்லாவிட்டாலும் அட்டையில் படம் ஒட்டிய பலகை போதும்.

ஆனால் பெரும்பாலும் நாம் படத்தோடு நின்றுவிடுகிறோம். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, வலி, போதும் என்று பத்திருபது படங்கள் இருக்கும். குழந்தை தன் தேவையைச் சொல்லிவிடுகிறது, நமக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்தது யார்? நாம்தான். நாம் வைத்ததை மட்டுமே அக்குழந்தை பேச முடியும். "நேற்று மாமா கடலுக்குப் போகவில்லை" என்று சொல்ல நினைத்தால் அதற்குப் படம் இருக்காது. எழுத்துகளை அறிந்த குழந்தைக்கு அந்த எல்லை கிடையாது. நாம் எதிர்பார்க்காததையும் அது சொல்லும்.

மும்பையைச் சேர்ந்த மாலினி சிப் அவர்களை நினைத்துப் பாருங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர். தட்டச்சு செய்வதைக் குரலாக்கும் கருவியைப் பயன்படுத்துபவர். ஒற்றை விரலால் தட்டியே தம் வாழ்க்கையை எழுதினார். 'ஒன் லிட்டில் ஃபிங்கர்' என்ற அந்த நூல் 2010இல் வெளிவந்தது. படங்கள் மட்டுமே தரப்பட்டிருந்தால் அந்த நூல் வந்திருக்காது.

"முதலில் பேச்சு வரட்டும், பிறகு எழுத்து" என்பது நம்மிடையே உள்ள பழைய எண்ணம். பேச்சு வராமலே போகலாம். அதற்காக எழுத்து காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். உரக்க வாசிப்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால், பேசாத குழந்தை என்றென்றும் அரும்பிலேயே நிற்கும். அதற்கு வாசிக்கத் தெரியாது என்று நாம் எழுதி வைப்போம். உண்மையில் நாம் அறிந்தது, அதற்கு உரக்க வாசிக்க இயலாது என்பது மட்டுமே.

அளவிடும் வழியை மாற்றினால் போதும். படகு, மீன், வலை என்று மூன்று படங்களை வைத்து, "எது 'வ'வில் தொடங்குகிறது?" என்று கேளுங்கள். குழந்தை கையால் காட்டலாம், கண்ணால் பார்க்கலாம். மூன்று சொல்லட்டைகளை வைத்து, "இதில் 'நண்டு' எது?" என்று கேளுங்கள். ஒருமுறை சரியாகக் காட்டினால் தற்செயலாக இருக்கலாம். அட்டைகளை இடம் மாற்றிப் பலமுறை பாருங்கள்.

அடுத்து, "பென்சிலே பிடிக்க முடியாத குழந்தை 247 எழுத்துகளை எப்படி எழுதும்?" என்று கேட்பீர்கள். இங்கே தமிழின் அமைப்பே நமக்கு உதவுகிறது. கணினிக்கு அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையை அறிவீர்கள். உயிரும் மெய்யும் தனித்தனி விசைகளில் இருக்கும்; இரண்டும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும். அதே முறையில் ஓர் அட்டை செய்யுங்கள். உயிர் 12, அகரம் ஏறிய மெய் 18, ஆய்தம் ஒன்று, புள்ளி ஒன்று. மொத்தம் 32 கட்டங்கள். வரிசைக்கு எட்டாக நான்கு வரிசைகள்.

'ம', 'ஆ' என்று தொட்டால் மா. 'ம', 'ஈ', 'ன', புள்ளி என்று தொட்டால் மீன். கையை நீட்ட இயலாத குழந்தைக்கு நாமே வரிசையைச் சுட்டிக் கேட்கலாம்: "முதல் வரிசையா? இரண்டாவதா?" குழந்தை கண்ணை மேலே உயர்த்தினால் ஆம். பிறகு அந்த வரிசைக்குள் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கலாம். எந்த எழுத்தானாலும் அதிகபட்சம் 12 கேள்விகளில் கிடைத்துவிடும். மெதுவானதுதான். ஆனால் அது அந்தக் குழந்தையின் பென்சில். வகுப்பில் மற்றவர்கள் பென்சில் எடுக்கும் நேரத்தில் இதுவும் மேசைக்கு வரவேண்டும்.

கைக்கணினி இருந்தால், செல்லினம் போன்ற செயலிகளில் தமிழ் 99 விசைப்பலகை கிடைக்கிறது. எழுதியதைக் குரலாகக் கேட்கவும் வசதி உண்டு. தான் எழுதியது தன் காதில் விழுவது குழந்தைக்குப் பெரிய ஊக்கம்.

கற்பிக்கும்போது நான்கு செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள்.

ஒன்று, நீங்களும் அந்தப் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். யாரும் பேசாத மொழியை எந்தக் குழந்தையும் கற்பதில்லை.

இரண்டு, கேட்டபின் காத்திருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பக்கத்து மாணவன் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று, எப்போதும் சோதிக்காதீர்கள். "எனக்கு ______ பிடிக்கும்" என்ற தொடரைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பே ஆளுக்கொரு சொல் தரட்டும். ஒருவர் இறால் என்பார், ஒருவர் நுங்கு என்பார். நம் மாணவர் தம் பலகையில் ஒரு சொல்லைத் தொடுவார். அந்தத் தொடரைச் சொற்களாக வெட்டி, மீண்டும் அடுக்கச் செய்யுங்கள். தவறான எழுத்துகளைத் தொட்டாலும் அதை எழுத்தாகவே மதித்து, எழுதி வையுங்கள். எல்லாக் குழந்தைகளும் கிறுக்கலில்தான் தொடங்குகின்றன.

நான்கு, குழந்தையின் கையைப் பிடித்து எழுத்துக்கு இட்டுச் செல்லாதீர்கள். அன்போடு செய்தாலும், வெளிவருவது நம் சொல்லாகிவிடும். இப்படிக் கையைப் பிடித்துத் தட்டச்சு செய்விக்கும் முறையைக் கைவிடும்படி அமெரிக்கப் பேச்சு, கேட்டல் வல்லுநர் சங்கம் 2018இல் அறிவுறுத்தியது. பலகையை அருகில் கொண்டுபோங்கள், சாய்த்து வையுங்கள், உட்காரும் முறையை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுச் சரிசெய்யுங்கள். சுட்டுவது குழந்தையாகவே இருக்கட்டும்.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சுக்குத் துணையான மாற்றுத் தொடர்புமுறைகளைக் கல்வியில் ஊக்குவிக்கச் சொல்கிறது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரைத் தருகிறோம், கூடுதல் நேரம் தருகிறோம். ஆனால் சொல்வதை எழுதுபவர் இருந்து என்ன பயன், மாணவருக்குச் சொல்ல வழியில்லை என்றால்? எழுத்தைச் சுட்டிச் சொல்லத் தெரிந்த மாணவருக்கே அந்தச் சலுகை முழுமையாகப் பயன்படும். பத்தாம் வகுப்புத் தேர்வறையில் தேவைப்படும் அந்தத் திறனுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே அடித்தளம் போட வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபின்தான் ஒரு மாணவர் நம் கண்ணில் படுகிறார் என்றால், அங்கேயே 'அ'விலிருந்து தொடங்கலாம். பாடப்பொருளை மட்டும் அவர் வயதுக்கு ஏற்றதாக வையுங்கள். பன்னிரண்டு வயது மாணவரிடம் மழலைப் பாடல் வேண்டாம்.

வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் உங்கள் பள்ளிக்கு வருவது குறிப்பிட்ட நாள்களில்தான். மற்ற நாள்களில் அந்தக் குழந்தையின் ஆசிரியர் நீங்களே. இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: 32 கட்ட அட்டை ஒன்று தயாரித்து, அந்தக் குழந்தையின் மேசையில் வையுங்கள். இன்னொரு படியை வீட்டுக்கும் கொடுத்து, அதைப் பயன்படுத்தும் முறையைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, அக்குழந்தை முதலில் எழுதிய சொல் எது என்று சொல்லுங்கள். கேட்க ஆவலாக இருக்கிறேன்.