பாம்பு சூல் கொண்டதை அறிதல்



அமெரிக்க நாட்டின் மிசூரி மாநிலத்திலே சென் லூயிஸ் என்றொரு நகரம் உண்டு. அந்நகரத்து மிருகக்காட்சிச்சாலைக்கு 1961ஆம் ஆண்டில் ஒருவர் தாம் வளர்த்த மலைப்பாம்பொன்றைக் கொடுத்துச் சென்றார். ஆண்டுகள் பல கழிந்தன. 2020ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அப்பாம்பின் வயது 60க்கு மேல் என்று மதிக்கப்பட்டது. குறைந்தது 15 ஆண்டுகளாக அது ஆண்பாம்பொன்றுடன் கூடியதில்லை. அந்த முதிய பாம்பு அம்மாதத்தில் ஏழு முட்டைகளை இட்டது.

வீட்டிலே பாம்பு வளர்ப்போர் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி இது. “எமது பாம்பு தனியே வாழ்கின்றது, ஆகவே அதன் வயிற்றில் முட்டை இருக்க நியாயமில்லை” என்று முடிவு கட்டுவோர் பலர். பெண்பாம்பு தான் பெற்ற ஆண்வித்தை உடலினுள்ளே நெடுங்காலம் பேணிவைத்திருக்க வல்லது. சிற்சில வேளைகளில் ஆண்வித்தின் துணையின்றியே கருவை உருவாக்கவும் செய்கிறது. கென்றக்கி மாநிலத்து லூயிவில் மிருகக்காட்சிச்சாலையில் 2012இல் ஒரு பெரிய மலைப்பாம்பு 61 முட்டைகளை இட, அவற்றுள் ஆறு பெண்குஞ்சுகள் பிறந்தன. அவற்றிற்குத் தந்தையில்லை என்பது பின்னர் மரபணுச் சோதனையால் உறுதியாயிற்று. இத்தனை தூரம் போவானேன்? நம் வீட்டுப் பூச்சட்டி மண்ணைக் கிளறும்போது மண்புழுவைப் போல நெளிந்தோடும் சின்னஞ்சிறு குருட்டுப் பாம்பினத்தில் எல்லாம் பெண்களே. கருவில்லாத வெறுமுட்டைகளும் வயிற்றிலே வளர்வதுண்டு. அவையும் வெளிவந்தே ஆகவேண்டும். வராவிடின் பாம்பு இறக்கவும் கூடும். ஆதலால், பாம்பு சூல் கொண்டிருக்கிறதா என்பதைக் காலத்தில் அறிவது வெறும் வேடிக்கை பார்க்கும் காரியம் அன்று.

பாம்பை வீட்டில் வளர்ப்பதா என்று நேயர்களுட் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் சுளிப்பிலும் நியாயமுண்டு. இலங்கைக் காட்டு மலைப்பாம்பு சட்டத்தின் காவலில் உள்ள பிராணி; அதனைப் பிடித்து மனையில் அடைத்தல் தகாது. இங்கே பேசப்படுவது மேற்கு ஆபிரிக்காவுக்கு உரிய சிறிய மலைப்பாம்பு. அச்சங்கொண்டால் தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோலச் சுருண்டுவிடும். அதனால் அமெரிக்கர் அதனைப் பந்து மலைப்பாம்பு என்பர். ஆங்கில நாட்டார் அரச மலைப்பாம்பு என்பர். கானா, தோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து பெருந்தொகையாக ஏற்றுமதியாகி, மேலை நாடுகளின் மனைகளிலே வளர்வது இதுவே. சென் லூயிஸ் பாம்பும் இந்த இனத்ததுதான்.

வளர்ப்பவர் கண்ணில் முதலிற் படுவது உணவை மறுத்தலாகும். ஆனால் இவ்வினத்துப் பாம்பு, ஆணாயினும் பெண்ணாயினும், குளிர்மாதங்களில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கிலே பட்டினி கிடக்கும். ஆகையால் இதனை மட்டும் வைத்து எதையும் துணிய இயலாது. பட்டினி கிடந்தும் உடலின் பிற்பகுதி பருத்து வருமாயின், அதுவே சிந்திக்க வைப்பது. இரை விழுங்கிய வீக்கம் ஒரே இடத்திற் புடைத்திருந்து சில நாள்களில் வடிந்துவிடும். கொழுத்த பாம்பு வாலடிவரை ஒரேயளவாகப் பருத்திருக்கும். முட்டை சுமக்கும் பாம்போ அவ்வாறன்று. கழுத்தும் முன்னுடலும் மெலிய, முதுகெலும்பு சற்றே எடுப்பாகத் தோன்ற, உடலின் பின் மூன்றிலொரு பங்கு நிறைந்து திரண்டு, கழிவாயை அடுத்துச் சட்டென ஒடுங்கும்.

இதற்கு முன்னரே ஒரு குறிப்பு உண்டு, காண்பவர் சிலரே. முட்டைக் கருக்கள் சூலகத்தை விட்டு நீங்கும் நாளில் உடலின் நடுப்பகுதி, பெரிய எலியொன்றை விழுங்கியது போலத் திடீரென்று வீங்கும். ஏறத்தாழ ஒரு நாளில் அவ்வீக்கம் தணிந்துவிடும். அன்று பெட்டியைத் திறவாதவருக்கு அது நிகழ்ந்ததே தெரியாது.

பின்னர் நடத்தை மாறும். சூடான மூலையை விட்டு அகலாது கிடக்கும். சில வேளை வயிற்றை மேலே காட்டி மல்லாந்து கிடக்கும். நோயென்று எண்ணி வளர்ப்பவர் பதறுவது இக்கோலத்தைக் கண்டேயாம். நீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து, படுக்கையைக் கிளறி, இடம் தேடி இரவெல்லாம் அலையும் பாம்புகளும் உண்டு.

எல்லாவற்றிலும் நம்பத்தக்க அறிகுறி சட்டை கழற்றலே. கருக்கள் நீங்கிய வீக்கம் கண்டு ஏறத்தாழ மூன்று கிழமைக்குள் பாம்பின் கண் பால்போல மங்கும். பின் சட்டை உரியும். அந்நாளிலிருந்து ஏறக்குறைய 30 நாளில் முட்டை வரும். அமெரிக்காவின் செம்மஞ்சட் சோளப்பாம்பிலே இவ்விடைவெளி பத்துப் பன்னிரண்டு நாளளவே. ஆகவே உரித்த நாளைக் குறித்து வைப்பவர் பின்னர் திகைக்க மாட்டார். ஒரு பழைய நாட்காட்டியும் பென்சிலும் இவ்விடயத்தில் விலையுயர்ந்த கருவிகளுக்கு ஈடாகும்.

கையால் தடவி அறியலாமா என்று கேட்பர். பழகிய கையினர், விரல்களை அசையாது வைத்துப் பாம்பைத் தானாகவே அவற்றின்மேல் ஊர்ந்து செல்ல விடுவர். உள்ளே முட்டையிருப்பின் மாலையிற் கோத்த மணிகள்போல ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுப்படும். ஐயம் தீரவில்லையே என்று அழுத்திப் பார்ப்பது பெருந்தீங்கு. மென்மையான முட்டை உள்ளே உடையுமாயின் நஞ்சாய் முடியும். ஐயமுள்ளவர் மிருக வைத்தியரிடம் செல்வதே முறை. பாம்பு முட்டையின் ஓடு கோழிமுட்டையினது போலச் சுண்ணாம்பு மிகுந்ததன்று, தோல் போன்றது. ஆதலின் எக்ஸ் கதிர்ப் படத்தில் அது தெளிவாக விழாமற் போவதுண்டு. ஒலியலைப் படமே இதற்குப் பொருத்தம்.

சூல் உறுதியானால் செய்ய வேண்டியவை சிலவே. அடிக்கடி தூக்கலாகாது, இரையைத் திணிக்கலாகாது. பாம்பு நுழைந்து சுருளத்தக்க மூடுபெட்டியொன்றில் ஈரப் பாசியோ தும்புத் தூளோ இட்டுவைத்தால் போதும். நம் நாட்டுத் தென்னந்தும்பின் தூள் அயல்நாடுகளில் இவ்வேலைக்கென்றே விலையாகின்றது.

இவ்வினப் பாம்பு இடுவது பெரும்பாலும் ஆறு முட்டை வரையில். சற்றுக் கூடவும் குறையவும் உண்டு. அவை ஒன்றோடொன்று ஒட்டிய குவியலாக இருக்கும். தாய் அவற்றை வளைத்துச் சுருண்டு கிடக்கும். முட்டையை அடைகாப்புப் பெட்டிக்கு மாற்றுவோர் அதன் மேற்புறத்தில் பென்சிலாற் குறியிட்டு, அப்புறம் மேலாகவே வைத்தல் வேண்டும். கோழிமுட்டையைப் போலப் புரட்டினால், ஓட்டின் உட்புறத்தே ஒட்டி வளரும் கரு மாண்டுபோகக்கூடும். ஏறத்தாழ 32 பாகை செல்சியசில் இரண்டு மாதமளவில் குஞ்சு பொரியும்.

ஆயினும் முட்டைகளைக் கண்ட மகிழ்ச்சியில் தாயை மறப்போர் உளர். இரண்டொரு முட்டை இட்டபின் நெடுநேரம் முக்கியும் எஞ்சியவை வாராதிருத்தல், கழிவாயின் அருகே ஒரு கட்டி அசையாது நிற்றல், சட்டை கழற்றி 40 நாள் கடந்தும் முட்டை இடாதிருத்தல் – இவை முட்டை தடைப்பட்டதற்கு அடையாளம். வீட்டார் பிதுக்கி எடுக்க முயன்றால் குடலும் முட்டைக்குழாயும் கிழியும். வைத்தியர் ஊசியால் முட்டையின் நீரை வடித்தோ, அறுவை செய்தோ அதனை எடுப்பார். முட்டையிட்ட தாயின் வயிறு கழிவாய் வரை தளர்ந்து சுருங்கி, தோல் மடிப்பு விழுந்திருக்க வேண்டும். எங்கேனும் திரட்சி எஞ்சியிருப்பின் மறுநாள் வரை காத்திராது, தாயைத் துணிப்பையிலிட்டு வைத்தியரிடம் கொண்டு செல்வதே தக்கது.