தொலைகாட்டியும் வீட்டு வெப்பமும்



கண்டியில் வானம் தெளிந்திருக்கும் இரவுகள் அரியவை. சனவரி முதல் மார்ச் வரை மழை சற்றுக் குறைந்திருக்கும். அக்காலத்திலும், மாலையில் தெளிந்திருந்த வானம் நள்ளிரவுக்குள் மூடுபனியில் மறைந்துவிடுவதுண்டு. மகாவலிக் கரையில் வாழ்வோர் இதனை நன்கறிவர். ஆதலால், வீட்டு முற்றத்தில் தொலைகாட்டி வைத்து வானம் பார்ப்போருக்குக் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது.

அச்சிறிய நேரத்தையும் பலர் இழக்கின்றனர். இரவுணவு முடிந்த பின்னர் தொலைகாட்டியை அறையிலிருந்து எடுத்து வந்து, உடனே வியாழனை நோக்குகின்றனர். கோள் கொதிநீரில் கிடப்பதுபோல் நெளிகின்றது; அதன் பட்டிகள் தெரியவில்லை. ஆடி பழுது என்று முடிவு கட்டி, ஆவலோடு வந்த பிள்ளை கருவியைப் பெட்டியிலிட்டு மூடிவிடுகின்றான். ஆடியில் யாதொரு பழுதும் இல்லை. அது இன்னும் சூடாக இருக்கின்றது, அவ்வளவே.

கண்டியின் பகல் வெப்பநிலை 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, சனவரி இரவு 18 பாகை வரை இறங்கக்கூடும். பகலெல்லாம் அறையின் சூட்டை வாங்கிய கண்ணாடி அதனை எளிதில் விடுவதில்லை. ஆடியைத் தொட்ட காற்று சூடேறி, இலேசாகி, குழாய்க்குள் மேலெழுகின்றது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. நண்பகலில் தார் வீதிக்கு மேலே காட்சி நடுங்குவதும் இதனாலேயே. அன்றியும், ஆடியின் விளிம்பு முந்திக் குளிர, நடுப்பகுதி பிந்துவதால், அதன் வடிவமும் மயிரிழைக்கும் குறைவாக மாறுகின்றது. விண்மீனின் உருவத்தைக் கெடுக்க அதுவே போதும்.

இத்தொல்லை பேரறிஞரையும் விட்டுவைக்கவில்லை. 1917 நவம்பரில், அமெரிக்காவின் வில்சன் மலையில் 100 அங்குல ஆடியுடைய தொலைகாட்டியை முதன்முதலாக வானுக்குத் திருப்பினர். ஜோர்ஜ் எலரி ஹேல் அதனூடே வியாழனை நோக்கினார். ஒரு கோளுக்குப் பதிலாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறேழு உருவங்கள் தெரிந்தன! பல ஆண்டு உழைப்பு வீணாயிற்றோ என்று அனைவரும் கலங்கினர். பகலில் வேலையாட்கள் கூரையைத் திறந்து வைத்திருந்தமையால் ஆடியில் வெயில் பட்டது பின்னரே விளங்கியது. உறக்கம் வராமல் பின்னிரவில் ஹேலும் வால்டர் அடம்ஸும் மீண்டும் வந்தபோது வியாழன் எட்டாத இடத்துக்குச் சென்றிருந்தது. வீகா என்னும் விண்மீனை நோக்கினர். அது கூரிய ஒளிப்புள்ளியாய்த் தெரிந்தது. ஆடி குளிர்ந்துவிட்டது.

நம் முற்றத்துக்கும் இதுவே வழி. பொழுது சாய்ந்ததும் தொலைகாட்டியை வெளியே வைத்துவிட வேண்டும். 6 அங்குல ஆடிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். தடித்த ஆடிக்கு இன்னும் கூடும். ஆடியின் பின்புறம் திறந்திருந்தால், கணினிக்குள் சுழல்வது போன்ற சிறு விசிறியை அங்கே பொருத்திக் காற்றோட்டம் தரலாம். சீமெந்துத் தரை இரவிலும் சூட்டைக் கக்கும், புற்றரை நல்லது. அயல்வீட்டுக் கூரைக்கு மேலாகப் பார்ப்பதையும் தவிர்த்தல் நன்று. குளிர்ந்ததா என்றறிய, ஒரு விண்மீனைக் குவியத்திலிருந்து சிறிது விலக்கிப் பார்க்கலாம். ஒளிவட்டத்துள் புகைபோல் ஏதேனும் மெல்ல ஓடினால், இன்னும் பொறுத்திருக்க வேண்டும்.

மலைநாட்டில் பனிநீரையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கின்றது. கருவியை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவரும்போது, உள்ளிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த ஆடியில் நீராய்ப் படியும். அதனைத் துணியால் துடைத்தலாகாது. ஆடியின் பூச்சில் கீறல் விழும். மூடியைத் திறந்து, குழாயைச் சாய்த்து வைத்தால், விடிவதற்குள் தானே உலர்ந்துவிடும். அதன் பின்னரே பெட்டியை மூடலாம்.